பெட்டியைக் கழற்றும் முன்

தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்றால் முதல் பழி ஸ்டார்ட்டர் பெட்டி மீதுதான் விழும். "பெட்டி போச்சுங்க" என்று சொல்லி, கழற்றி, சாக்குப் பையில் போட்டு, பைக்கில் வைத்து டவுனுக்குக் கொண்டு போய்விடுகிறோம். கடைக்காரர் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார். எல்லா விளக்கும் எரியும். "நல்லாத்தானே இருக்கு" என்பார். திரும்பக் கொண்டு வந்து மாட்டினால் பழைய கதைதான். இதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். பங்குனி வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் காணாத காய்கறிப் பாத்தி என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

விதையை நாமே எடுத்து வைக்கிறோம். உரத்தை நாமே தயாரிக்கிறோம். பூச்சி விரட்டிக்கு வேலியோரத்து இலை தழை போதும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஒரு தகரப் பெட்டியையும், அதைத் திறக்கத் தெரிந்த ஒருவரையும் நம்பி நிற்கிறோம். எல்லோரும் மின்னணு மெக்கானிக் ஆக முடியாது, ஆகவும் வேண்டாம். ஆனால் இரண்டு காரியம் நம்மால் முடியும். குறை பெட்டிக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று முதலில் பிரிப்பது. உள்ளேதான் என்று தெரிந்தால், அதை எழுதிப் பெட்டியோடு சேர்த்து அனுப்புவது. இந்தப் பாடம் அவ்வளவுதான்.

வங்கியில் நான் வேலை பார்த்த காலத்தில் கணக்கு இடித்தால் லெட்ஜரைத் தூக்கி எறிய மாட்டோம். எந்த நாள், எந்த வவுச்சர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவோம். கடைசியில் நிற்பதுதான் தப்பு. பெட்டிக்கும் அதே முறைதான்.

பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

மூன்று பேஸ் மோட்டார் பெட்டியில் பெரும்பாலும் நான்கு பேர். காண்டாக்டர்: கரண்டை மோட்டாருக்கு விடுவதும் நிறுத்துவதும் இவர் வேலை. ஓவர்லோடு ரிலே: மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்துவார். பிரிவென்டர்: ஒரு பேஸ் போனாலோ, மூன்றும் ஏற்றத்தாழ்வாக வந்தாலோ நிறுத்துவார். நாலாவது ஆட்டோ அல்லது மொபைல் ஸ்டார்ட்டர்: கரண்ட் வந்ததும் தானாக ஓட வைப்பவர், போனில் சொன்னால் கேட்பவர்.

இதில் மூன்று பேருடைய வேலையில் மோட்டாரை நிறுத்துவதும் அடக்கம். ஆகவே பெட்டி மோட்டாரை நிறுத்திவிட்டது என்றால் பெட்டி கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கலாம். இதை மறந்துவிட்டுத்தான் "பிரிவென்டர் தொல்லை பண்ணுது, டைரக்டா போட்டுடு" என்கிறோம். மூன்று பேஸ் மோட்டார் இரண்டு பேஸில் ஓடினால் மிச்சமிருக்கும் பேஸ்களில் கரண்ட் ஏறி வைண்டிங் சூடாகி எரிந்துவிடும். பிரிவென்டர் ஒரு சின்ன சாமான். போர்வெல்லில் இருந்து மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, மறுபடி இறக்குகிற செலவு அதைப்போல் பல மடங்கு. பீஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றுவதும், காண்டாக்டரைக் குச்சியால் அழுத்திப் பிடிப்பதும் அதைவிட மோசம். அதில் போவது மோட்டார் மட்டுமல்ல, ஆளும்தான்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

பெட்டி நின்றவுடன் எதையும் தொடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்த விளக்கு எரிகிறது? திரையில் என்ன வந்திருக்கிறது? ஓடாமலே நின்றதா, ஓடி நின்றதா, எத்தனை நிமிடத்தில்? 'ங்ங்' என்று சத்தம் வருகிறதா? மழை, இடி இருந்ததா? பகலிலா, இரவிலா? திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒருமுறை கரண்டை அணைத்துப் போட்டால் பல பெட்டிகளில் அந்தச் செய்தி அழிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் வைத்து அளப்பது பழகிய வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. மின்கம்பத்து பீஸைத் தொடும் உரிமை மின்வாரிய ஊழியருக்கு மட்டும்தான். மின்னகம் எண் 94987 94987இல் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, பீஸ் கட்டைகளைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெட்டிக்குள் கை வைத்திருக்கும் நேரத்தில் வேறு யாரும் மெயினைப் போட்டுவிட முடியாது. கெப்பாசிட்டர் இருந்தால், கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஐந்து நிமிடமாவது பொறுங்கள்.

வெளியே இருந்து உள்ளே

1. வருகிற கரண்ட். டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஆகவே மல்டிமீட்டரில் இரண்டிரண்டு பேஸாக மூன்று அளவு எடுக்க வேண்டும். சரியாக இருந்தால் 415 வோல்ட்டை ஒட்டி, மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். 405, 400, 340 என்று வந்தால் பெட்டி ஓட மறுப்பது நியாயம். குறை லைனில்.

இந்த அளவை மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை எடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு பெண் உழவர், மோட்டார் ஓடி ஓடி நிற்கிறது என்று பெட்டியை இரண்டு முறை கடைக்குக் கொண்டுபோய் வந்தார். இரண்டு முறையும் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில். மோட்டார் ஓடாதபோது வோல்ட் சரியாகவே காட்டியது. ஓடும்போது ஒரு பேஸ் சரசரவென்று இறங்கியது. கம்பத்துக்கும் மோட்டார் அறைக்கும் நடுவே ஒட்டுப்போட்ட இடத்தில் வயர் கறுத்து, பாதி வெந்திருந்தது. ஒட்டை வெட்டிப் புதிதாகப் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் பூவும் பிஞ்சுமாக நின்ற அரை ஏக்கர் கத்தரி வாடி உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் மோட்டார் இல்லை, அந்த ஒட்டும் இல்லை.

2. அமைப்பு. ஆட்டோ சுவிட்ச் மேனுவலில் கிடக்கிறதா? டைமர் நேரம் மாறிவிட்டதா? மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் சிம் ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பழைய மொபைல் ஸ்டார்ட்டர்கள் பல 2ஜியில் மட்டும் வேலை செய்பவை. 4ஜி மட்டும் தருகிற நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் அவை பேசவே பேசாது. நீங்கள் போன் எண்ணை மாற்றியிருந்தாலும், புது எண்ணைப் பெட்டியில் பதியும் வரை அது உங்கள் சொல்லைக் கேட்காது. இதெல்லாம் ரிப்பேர் இல்லை.

3. சென்சார். கிணற்றில், தொட்டியில் தொங்கவிடும் நீர்மட்டக் கம்பிகள் மீது உப்புத் தண்ணீர் வெள்ளைப் படிவாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் படிவம் கரண்டை விடாது. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் 'தண்ணீர் இல்லை' என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். படிவத்தைச் சுரண்டிக் கழுவினாலே போதும். சென்சார் இல்லாமல், மோட்டார் இழுக்கும் ஆம்பியரைப் பார்த்து 'டிரை ரன்' கண்டுபிடிக்கும் பெட்டிகளும் உண்டு. கோடையில் போர்வெல் மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுத்தால் அது நிற்பதுதான் சரி. அளவைக் குறைத்து வைத்து அதை ஏமாற்றாதீர்கள்.

4. மோட்டாரும் கேபிளும். மெயினை அணைத்து, மோட்டார் வயர் மூன்றையும் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டிரண்டாக ஓம் பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினால் கேபிளிலோ வைண்டிங்கிலோ குறை. பிறகு 500 வோல்ட் மெக்கர் வைத்து எர்த்துக்கும் வயருக்கும் இடையே பார்த்தால் 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. வயரைக் கழற்றாமல் மெக்கர் வைத்தால் அந்த வோல்ட் பெட்டிக்குள் பாய்ந்து நல்ல கார்டையும் கெடுத்துவிடும். வயர்மேனிடம் இதை நினைவுபடுத்துவது நம் கடமை.

5. கடைசியில்தான் பெட்டி. டெர்மினல் திருகு தளர்ந்திருக்கிறதா, வயர் முனை கறுத்திருக்கிறதா, காண்டாக்டருக்குள் எறும்பு செத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். திருகை இறுக்கி, தூசியைத் தட்டினாலே பாதிப் பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும். காண்டாக்டர் முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மேலே இருக்கும் வெள்ளிக் கலவை போய்விடும். தேய்ந்து குழி விழுந்திருந்தால் முனைகளை மாற்றுவதுதான் வழி. ரிலேயின் ஆம்பியர் அளவு மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே உள்சுற்றில் இருந்தால் தகட்டு அளவில் 58 சதவீதம் வைக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் தாண்டியும் குறை நிற்கிறது என்றால், அது பெட்டிக்குள் இருக்கும் கார்டில்தான். அதை நாம் நோண்ட வேண்டாம்.

சொட்டுநீர் டைமர்

இங்கே சுலபமான சோதனை, மாற்றிப் பார்ப்பது. 3ஆம் எண் வால்வு திறக்கவில்லை என்றால், அதன் வயரை நன்றாக வேலை செய்யும் 2ஆம் எண் இடத்தில் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் திறக்கவில்லை என்றால் குறை வால்விலோ வயரிலோ. அங்கே திறந்தால் குறை டைமரில். நம் ஆட்களுக்கு இன்னொன்று: ஜீவாமிர்தத்தைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் நார், சாணத் துகள் வால்வின் ரப்பர் சவ்வில் மாட்டிக்கொள்ளும். வால்வு மூடாது, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். 'டைமர் கெட்டுப்போச்சு' என்று நினைப்போம். வால்வைத் திறந்து கழுவிப் பாருங்கள்.

சோலார் கன்ட்ரோலர்

தகட்டின் மீது தூசி, காக்கை எச்சம், தென்னை ஓலை நிழல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகடுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு தகட்டில் விழும் நிழல் அந்த வரிசை முழுவதையும் இழுத்துவிடும். வெயில் இருக்கும் வரை தகட்டிலிருந்து வரும் வயரில் கரண்ட் இருக்கும், பல கருவிகளில் சில நூறு வோல்ட். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த இணைப்புகளைப் பிடுங்கினால் தீப்பொறி நீண்டு கையைச் சுட்டுவிடும். டி.சி. சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும். பிரதமரின் குசும் திட்டத்தில் வாங்கிய பம்புக்கு ஐந்தாண்டு பராமரிப்புப் பொறுப்பு அமைத்துக் கொடுத்த நிறுவனத்துடையது. நீங்களோ உள்ளூர் மெக்கானிக்கோ முத்திரையை உடைத்துத் திறந்தால் அந்த உரிமை போய்விடலாம். நிறுவனத்துக்குச் சொல்லும்போதே வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

அனுப்புவது எப்படி?

பெட்டிக்கு வாய் கிடையாது. நாம் எழுதாமல் அனுப்பினால் மெக்கானிக் மேசையில் அது நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒரு பக்கத்தில் இப்படி எழுதுங்கள்:

கருவி: 3 பேஸ் மொபைல் ஸ்டார்ட்டர். வரிசை எண், வாங்கிய நாள், ரசீது எண்.
மோட்டார்: 7.5 எச்.பி. நீர்மூழ்கி. தகட்டில் 13 ஆம்பியர்.
குறை: ஓடத் தொடங்கி 10 நிமிடத்தில் 'டிரை ரன்' என்று நிற்கிறது. அப்போது தண்ணீர் முழுதாக வருகிறது.
எப்போது: 12 நாளாக. மதியம் மட்டும். இரவில் வருவதில்லை.
அளவு: ஓடும்போது வோல்ட் 402, 398, 405. கிளாம்ப் மீட்டரில் 11.2, 11.0, 11.4 ஆம்பியர். நிற்கும் முன் பெட்டித் திரையில் 5.8.
செய்து பார்த்தவை: வயர், திருகு, மோட்டார் ஓம், மெக்கர் சரி. டிரை ரன் அளவு 7 ஆம்பியர், மாற்றவில்லை.

இதைப் படித்ததும் மெக்கானிக்குக் குறை எங்கே என்று தெரிந்துவிடும். மீட்டர் 11 காட்டும்போது பெட்டி 5.8 காட்டுகிறது என்றால், ஆம்பியரை அளக்கும் பகுதியில் தவறு. மதியம் மட்டும் வருகிறது என்றால் சூட்டில் வருகிற குறை. அவர் கார்டைச் சூடாக்கிப் பார்ப்பார். இந்த ஆறு வரி இல்லாவிட்டால் அதே பெட்டி 'நல்லா இருக்கு' என்று திரும்பி வந்திருக்கும்.

கழற்றும் முன் வயர் இணைப்பைப் படம் எடுத்து, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி ஆர், ஒய், பி என்று எழுதுங்கள். மாற்றி மாட்டினால் மோட்டார் திரும்பிச் சுற்றும். சிம்மையும், கழற்ற முடிந்த பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதையும் எழுதுங்கள். பெட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, அட்டைப் பெட்டியில் நாலு பக்கமும் தெர்மாக்கோல் வைத்து ஆடாமல் கட்டுங்கள். தனிக் கார்டாக அனுப்பினால் தெர்மாக்கோல் நேராக அதில் படக் கூடாது. உராய்வில் வரும் மின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். கார்டு வந்த வெள்ளிநிறப் பை இருந்தால் அதிலேயே போடுங்கள்.

ரசீதின் நகலை மட்டும் அனுப்புங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும். இப்போது கடைகளில் தரும் வழவழ ரசீதுகளில் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். கடையில் கொடுக்கும்போது வரிசை எண், தேதி, குறை எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. "எவ்வளவு ஆகும்னு போன்ல சொல்லிட்டு, நான் சரின்னதுக்கு அப்புறம் வேலை பாருங்க. மாத்தின சாமானைத் திருப்பிக் கொடுங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

திரும்பி வந்ததும் வரிசை எண் நம்முடையதுதானா, என்ன மாற்றினார்கள், அந்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். மாட்டிய பிறகு, முன்பு நின்ற அதே நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு அருகில் இருந்து பாருங்கள்.

உத்தரவாதக் காலத்திலேயே இழுத்தடித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். "விவசாயத்துக்கு வாங்கினது வியாபாரம், நீங்க நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தன் பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் பயன்படுத்த வாங்கும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் அங்கே பேசுவது காகிதம்தான். ரசீது, ஒப்புகைச் சீட்டு, புகார் நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கெடாமல் வைத்திருக்க

மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, திருகுகளை இறுக்குங்கள். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். எறும்பு, பல்லி, குளவி மூன்றும் அந்த வழியாகத்தான் குடிவரும். எறும்புக்கு என்று மஞ்சள் தூளோ வேப்பெண்ணெயோ பெட்டிக்குள் போட வேண்டாம். வயலில் அது மருந்து, பெட்டியில் அது தூசியைப் பிடித்து வைக்கும் பசை.

மாட்டுக் கொட்டகைச் சுவரிலும், ஜீவாமிர்தத் தொட்டி, எரிவாயுக் கலன் பக்கத்திலும் பெட்டியை மாட்டாதீர்கள். சாணத்திலும் கோமியத்திலும் இருந்து வரும் அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு ஆவிகள் செம்பையும் வெள்ளியையும் அரித்துக் கறுக்க வைக்கும். மேற்கு வெயில் படாத, சாரல் அடிக்காத சுவரே நல்லது. எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இடி மின்னலுக்கு அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே மெயினை அணைத்துவிடுங்கள். மின்னலில் எரிந்த கார்டை உத்தரவாதத்தில் பெரும்பாலும் ஏற்பதில்லை. செத்த பேட்டரியையும் கார்டையும் எருக்குழியிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போட வேண்டாம். அதிலுள்ள ஈயம் போன்ற நஞ்சு நம் மண்ணுக்கே திரும்பும். மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி மோட்டார் அறையில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். முதல் பக்கத்தில் பெட்டியின் வரிசை எண், வாங்கிய நாள், மோட்டார் தகட்டின் விவரம். இரண்டாம் பக்கத்தில், எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில் எடுத்த மூன்று வோல்ட், மூன்று ஆம்பியர் அளவு. நன்றாக இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான், கெட்ட நாளில் எது மாறியது என்று சொல்ல முடியும்.